குறட்டையும் தலைவிதியும்

(டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளின் பெற்றோர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



டவுன் சின்ட்ரோம் என்னும் நிலையுடன் பிறந்த குழந்தைகளுக்குத் தூக்கத்தில் ஏற்படுகிற மூச்சுத் தடையைப் பற்றியும், அதற்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தைப் பற்றியும் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். பகுத்தறிவுப் பிரசாரம் செய்கிறவனுக்கு இந்த விஷயத்தில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இதைவிடப் பொருத்தமான வேலை வேறில்லை என்பதே என் அபிப்பிராயம். ஏனெனில், இந்தக் குழந்தைகளில் அநேகர் கெடுவது வியாதியினால் பாதியும், "இந்தப் பிள்ளை அப்படித்தான்" என்கிற மூன்று வார்த்தையினால் பாதியுமாகும். அந்த மூன்று வார்த்தையை உற்றார் சொல்லுகிறார்கள், உபாத்தியாயர் சொல்லுகிறார், சில சமயங்களில் படித்த வைத்தியரும் சொல்லிவிடுகிறார்.

முதலில் இந்த நிலை எதனால் உண்டாகிறது என்பதைப் பார்ப்போம். நமது உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களில் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. கரு உண்டாகும் சமயத்தில் 21-வது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைந்துவிட்டால் குழந்தை டவுன் சின்ட்ரோமுடன் பிறக்கிறது. இதை 1959-ல் பிரான்ஸ் தேசத்தில் கண்டுபிடித்தார்கள். உலகத்தில் சுமார் 700, 800 பிரசவத்திற்கு ஒன்று இப்படி நேருகிறது. ராஜா வீட்டிலும் நேருகிறது, கூலிக்காரன் வீட்டிலும் நேருகிறது. கோவிலுக்குப் போகிறவன் வீட்டிலும் நேருகிறது, போகாதவன் வீட்டிலும் நேருகிறது. தாய்க்கு வயது ஏறினால் இப்படி நேரக்கூடிய அளவு அதிகமாகிறது என்பது மெய். ஆனால் இள வயதுத் தாய்மார்களுக்கும் இப்படிப்பட்ட குழந்தைகள் பிறக்கத்தான் செய்கின்றன. தாய் கிரகணத்தில் வெளியே வந்ததற்கும், காய் நறுக்கினதற்கும், தகப்பன் பூர்வ ஜன்மத்தில் செய்ததாகச் சொல்லப்படும் பாவத்திற்கும், இதற்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது.

இந்த நிலையை 1866-ல் முதன் முதல் விவரமாய் எழுதிய இங்கிலீஷ் வைத்தியர் ஜான் லாங்டன் டவுன் என்பவர், குழந்தைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, இவர்களை "மங்கோலிய" வகை என்று ஒரு ஜாதிப் பெயரிட்டார். அந்தப் பெயர் சுமார் நூறு வருஷ காலம் வைத்தியப் புத்தகங்களில் இருந்தது. மங்கோலியா தேசத்தார் ஆட்சேபித்த பிறகு, 1965-ல்தான் உலக சுகாதார ஸ்தாபனம் அதைக் கைவிட்டது. பிறப்பைக் கொண்டு மனிதனைத் தரம் பிரிக்கும் புத்தி நம் நாட்டுப் பஞ்சாங்கத்தில் மாத்திரந்தான் இருக்கிறதென்று நினைத்து விடாதீர்கள். விஞ்ஞானியின் மேஜை மேலும் அது ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நிற்க, தூக்கத்தின் விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஜனங்களுக்குக் குறட்டையைப் பற்றி ஒரு தப்பெண்ணம் உண்டு. குழந்தை குறட்டை விட்டால், "அடித்துப் போட்டாற்போல் தூங்குகிறது" என்று சந்தோஷப்படுகிறார்கள். குறட்டை என்பது காற்றுப் போகிற வழி குறுகியிருக்கிறது என்பதற்கு அடையாளமேயல்லாமல், நல்ல தூக்கத்துக்கு அடையாளமல்ல. வழி குறுகினால் குறட்டை. வழி அடைபட்டால் சப்தமே இல்லை. மார்பும் வயிறும் ஏறி இறங்கும், காற்று மாத்திரம் உள்ளே போகாது. இரத்தத்தில் பிராணவாயு குறையும். மூளை திடுக்கிட்டு உடம்பை உசுப்பும். குழந்தை ஒரு தடவை திணறி, புரண்டு, மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும் தூங்கும். காலையில் அதற்கு ஒன்றும் ஞாபகமிராது.

இப்படி ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை நடக்கிறது என்பதைக் கொண்டு வியாதியின் அளவைச் சொல்லுகிறார்கள். பெரியவர்களுக்கு மணிக்கு 5-க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். குழந்தைகளுக்கோ 1-க்கு மேல் போனாலே கோளாறு. 10-க்கு மேல் போனால் கடுமை. மணிக்கு 10 தடவை என்றால், ஒன்பது மணி நேரத் தூக்கத்தில் 90 தடவை. ஒரு மனிதனை இராத்திரியில் 90 தடவை உலுக்கி எழுப்பிவிட்டுக் காலையில் அவனிடம் வாய்ப்பாடு கேட்டால், அவனும் மந்தமாய்த்தானே இருப்பான்?

சாதாரணக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒன்று முதல் ஐந்து பேருக்கு இந்தத் தடை உண்டு. டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிலோ நூற்றுக்கு ஐம்பது பேருக்குக் குறையாமல் இருக்கிறது. காரணம் வெளிப்படையானது. இவர்களுக்கு முகத்தின் நடுப்பாகம் சிறுத்திருக்கிறது. மூக்கின் பின்வழியும் தொண்டையும் குறுகல். சிறிய வாயில் நாக்கு இடங்கொள்ளாமல் பின்னுக்குச் சரிகிறது. தசைகள் தளர்ச்சியாயிருக்கின்றன, தூங்கும்போது இன்னும் தளர்கின்றன. அந்தச் சிறிய இடத்தில் டான்சிலும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதையும் வந்து அடைத்துக்கொள்ளுகின்றன. உடல் பருத்தால் அதுவும் சேர்ந்துகொள்ளும். தைராய்டு சுரப்பி குறைவாய் வேலை செய்வதும் இவர்களிடம் அதிகம். அதுவும் தடையை வளர்க்கும்.

இதனால் வரும் கெடுதி என்னவென்றால், பகலில் சோர்வு, சிடுசிடுப்பு, ஓயாத சேஷ்டை, படுக்கையில் மூத்திரம் போவது ஆகியவை. அதற்கும் மேலாக, நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி இருதயம் பாதிக்கப்படும். இந்தக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறக்கும்போதே இருதயக் கோளாறுடன் பிறக்கிறவர்கள் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளையே இரண்டு வகையாகப் பிரித்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சுத் தடை உள்ளவர்களுக்கு, இல்லாதவர்களைவிட வார்த்தை சம்பந்தமான அறிவுச் சோதனையில் சராசரி 9 புள்ளி குறைந்திருந்தது. அது சிறிய ஆராய்ச்சிதான். ஆனாலும், நாம் "பிறவி மந்தம்" என்று கணக்கெழுதி வைத்திருப்பதில் ஒரு பங்கு இராத்திரி மூச்சுக் கிடைக்காததின் பலனாய் இருக்கக்கூடும் என்று அது எச்சரிக்கிறது. பிறவியை மாற்ற நம்மால் ஆகாது. மூச்சு வழியைத் திறக்க ஆகுமே!

இங்கே பெற்றோர்களுக்கு ஒரு கசப்பான சங்கதி சொல்ல வேண்டியிருக்கிறது. "என் பிள்ளையின் பக்கத்தில்தானே நான் படுக்கிறேன், அப்படி ஏதாவது இருந்தால் எனக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியாது என்பதுதான் பதில். 2006-ல் சின்சினாட்டி நகரத்து வைத்தியர்கள் நான்கு வயதுக்குட்பட்ட இப்படிப்பட்ட குழந்தைகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 69 பெற்றோர், தங்கள் பிள்ளைக்குத் தூக்கத்தில் ஒரு குறையுமில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவர்களின் பிள்ளைகளிலேயே பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சோதனையில் கோளாறு இருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்று பழமொழி சொல்லிக்கொண்டே கண்ணை நம்பினால் எப்படி? அளந்து பார்க்க வேண்டும்.

அந்த அளவைதான் தூக்கச் சோதனை. ஓர் இரவு குழந்தையைத் தூங்கவைத்து, மூச்சுக் காற்று, மார்பின் அசைவு, இரத்தத்தின் பிராணவாயு, மூளையின் மின் அலை எல்லாவற்றையும் கருவிகள் பதிவு செய்கின்றன. ஊசி கிடையாது, வலி கிடையாது. குறட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், டவுன் சின்ட்ரோம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கு வயதுக்குள் இதைச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம் 2011-லேயே சொல்லிற்று, 2022-லும் வற்புறுத்தியிருக்கிறது. இந்த வசதி பெரிய பட்டணங்களில்தான் கிடைக்கும் என்றால், அதுவரை விரலில் மாட்டும் கருவியால் இரவு முழுவதும் பிராணவாயுவைப் பதிவு செய்து பார்க்கலாம். அதில் கோளாறு தெரிந்தால் அவசரம் என்று அறியுங்கள். தெரியாவிட்டால் கோளாறே இல்லையென்று முடிவு கட்டிவிடாதீர்கள். குழந்தை உட்கார்ந்தபடியோ, முன்னால் மடிந்து விழுந்தோ, கழுத்தைப் பின்னுக்கு வளைத்தோ தூங்கினால் அதைச் செல்போனில் படம் பிடித்து வைத்தியருக்குக் காட்டுங்கள். அது கெட்ட பழக்கமல்ல. மூச்சுக்கு வழி தேடுகிற பிரயத்தனம்.

இனி வைத்தியம். முதலாவது, டான்சிலையும் அடினாய்டையும் எடுத்துவிடுவது. இவர்களுக்கு இந்த ரண சிகிச்சையில் அதிக ஜாக்கிரதை வேண்டும். இருதயத்தை முன்னாடியே சோதித்திருக்க வேண்டும். கழுத்தின் மேல் எலும்பு மூட்டு சிலருக்குத் தளர்ந்திருக்குமாதலால், மயக்கம் கொடுக்கும்போது கழுத்தை வளைக்கக் கூடாது. சிகிச்சை முடிந்த இரவு ஆஸ்பத்திரியிலேயே கண்காணிப்பில் இருக்க வேண்டும். "டவுன் பிள்ளை, கழுத்து ஜாக்கிரதை" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். வைத்தியர் கோபித்துக்கொண்டாலும் பாதகமில்லை.

சிகிச்சை முடிந்ததும் எல்லாம் தீர்ந்தது என்று மொட்டையடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் தடை குறையுமே தவிர, தீருவதில்லை. இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடியும் தூக்கச் சோதனை செய்து பார்ப்பது அவசியம்.

மீதி இருந்தால், மூக்கில் முகமூடி மாட்டி மெல்லிய காற்றழுத்தம் கொடுக்கும் யந்திரம் இருக்கிறது. இதை 1981-ல் ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் வெளியிட்டார். தூசி உறிஞ்சும் யந்திரத்தின் மோட்டாரைக் கொண்டு, காற்றை உள்ளே உறிஞ்சாமல் வெளியே ஊதச் செய்து, ஐந்து நோயாளிகளைத் தூங்கவைத்தார். வீடு பெருக்கும் மோட்டார் செய்த இந்த உபகாரத்தை, எந்த மந்திரம் செய்தது என்று யாராவது சொல்லட்டும்! "இந்தப் பிள்ளைகள் முகமூடியை வைத்துக்கொள்ள மாட்டார்கள்" என்று சொல்லுவார்கள். பழக்கினால் வைத்துக்கொள்ளுகிறார்கள். முதலில் பகலில் விளையாட்டாக. பொம்மைக்கு மாட்டி, அப்பா மூக்கில் மாட்டி, பிறகு குழந்தைக்கு. முதலில் காற்றில்லாமல், பிறகு காற்றோடு. முதலில் விழித்திருக்கையில், பிறகு தூக்கத்தில். வாரக் கணக்காகும், மாதக் கணக்கும் ஆகலாம். பொறுமை வேண்டும்.

யந்திரமும் ஒத்துவராத பெரிய பிள்ளைகளுக்கு இப்போது புது வழி ஒன்று உண்டு. மார்பின் தோலுக்கடியில் சிறு கருவி வைத்து, நாக்கின் நரம்புக்கு மெல்லிய மின்தூண்டுதல் கொடுத்தால், மூச்சிழுக்கும்போதெல்லாம் நாக்கு முன்னுக்கு வருகிறது. டவுன் சின்ட்ரோம் உள்ள 42 இளைஞர்களிடம் சோதித்து 2022-ல் வெளியிட்டார்கள். தடை மணிக்குச் சராசரி சுமார் 13 தடவை குறைந்தது. 2023-ல் அமெரிக்க சர்க்கார் 13 முதல் 18 வயது வரை உள்ள இவர்களில், கடுமையான தடை உள்ளவர்களுக்கு இதை அனுமதித்தது. விலை அதிகமான வழி. ஆனாலும் இந்தப் பிள்ளைகளுக்கென்றே ஒரு வைத்தியத்தை யோசித்துச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள்.

"இந்தப் பிள்ளைக்கு இவ்வளவு செலவும் பாடும் எதற்கு?" என்று கேட்கிற உறவினர் உண்டு. அவர்களுக்கு ஒரே பதில் சொல்லுங்கள். 1983-ல் அமெரிக்காவில் டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களின் ஆயுள் சராசரி 25 வருஷம். இன்று சுமார் 60 வருஷம். இந்த முப்பத்தைந்து வருஷத்தை எந்தக் கடவுள் கூட்டினார்? முன்பு இவர்களுக்கு இருதய சிகிச்சையே வேண்டாமென்று கைவிட்டார்கள், பிறகு செய்தார்கள், பிழைத்தார்கள். தலைவிதி என்று சொல்லப்பட்டது, செய்யாமல் விட்ட வைத்தியமாக முடிந்தது.

ஆண்டவன் எழுதிவிட்டான் என்பவர்களிடம் கேளுங்கள்: தொண்டையை அடைத்த டான்சிலையும் அவன்தானே வைத்தான்? அதை எடுத்தால் பிள்ளை மூச்சு விடுகிறதே, எழுத்து எங்கே போயிற்று?

தாய்மார்களே! பழியெல்லாம் உங்கள் தலையிலேயே சுமத்தப்படுகிறது. அதைச் சுமக்காதீர்கள். தாயத்துக்குக் கொடுக்கிற காசைச் சோதனைக்குச் சேர்த்து வையுங்கள். தகப்பன்மார்களும் இராத்திரி ஒரு மணி நேரம் விழித்திருந்து பிள்ளையின் மூச்சைக் கவனிக்கட்டும். அது பெண்களின் வேலை மாத்திரமல்ல. ஜில்லா ஆஸ்பத்திரிகளில் தூக்கச் சோதனை வேண்டுமென்று ஒன்றுகூடிச் சர்க்காரைக் கேளுங்கள். தனித்தனியாய் அழுதால் யார் காதிலும் விழாது.

நான் சொன்னேன் என்பதற்காகவும் நம்ப வேண்டாம். சோதித்துப் பாருங்கள், தடை இருந்தால் வைத்தியம் செய்யுங்கள், செய்தபின் மறுபடியும் சோதியுங்கள்.