பழைய காரும் கையிருப்பும்

சிட்னியில் கார் வைத்திருப்பவர்களுக்குப் பெற்றோல் செலவுதான் முதலில் கண்ணில் படும். வாராவாரம் கொடுக்கிறோம் அல்லவா? ஆனால் ரெஜோ, கிறீன் சிலிப், காப்புறுதி என்று வருடாந்தக் கட்டணங்கள் ஒன்றாக வரும்போதுதான் மூச்சுத் திணறும். எல்லாவற்றையும் கூட்டி 52ஆல் பிரித்து, அந்தத் தொகையை வாராவாரம் வேறு வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள்.

கை இறுகினால் பலர் முதலில் வெட்டுவது காப்புறுதியைத்தான். "கிறீன் சிலிப் இருக்கிறதே, போதாதா?" என்பார்கள். போதாது. கிறீன் சிலிப் காயப்பட்ட மனிதருக்கு. இடிபட்ட காருக்கு அல்ல. உங்களுடைய 3,000 டொலர் கார் ஒரு புதிய பென்ஸின் பின்னால் மோதினால், பென்ஸைத் திருத்தும் செலவு உங்கள் தலையில்தான். பழைய காருக்கு முழுக் காப்புறுதி எதற்கு என்றால், நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் மற்றவரின் வாகனச் சேதத்துக்கான 'தேர்ட் பார்ட்டி புறொப்பர்ட்டி' காப்புறுதியை விடாதீர்கள். முழுக் காப்புறுதியைவிட அது மிகவும் மலிவு.

பெற்றோல் விலையை, மாநில அரசு 2016இல் தொடங்கிய ஃபியூவல்செக்கில் பார்க்கலாம். சிட்னியில் விலை சட்டென்று ஏறி, வாரக்கணக்கில் மெல்ல இறங்கும். இறங்கிய நேரம் நிரப்புங்கள். இரண்டு சதத்துக்காகப் பத்துக் கிலோமீற்றர் ஓடுபவர்களையும் கண்டிருக்கிறேன்!

ஐந்து வயது தாண்டிய காருக்கு வருடாவருடம் பிங்க் சிலிப் பரிசோதனை உண்டு. தேய்ந்த ரயருடன் கடைசி நாளில் போனால், கராஜ்காரர் சொன்னதே விலை. ஒரு மாதம் முந்திப் போனால், நாலு கடையில் விலை கேட்க அவகாசம் இருக்கும்.