மூன்றாமவரை மறவாதீர்
(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





வேலையிடத்தில் ஒருவர் ஒதுக்கப்படுவதில் தலைவர்களுக்கு உள்ள பொறுப்பைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறீர்கள். நன்றி.

ஒருவரைத் திட்டினால் அதற்குச் சாட்சி இருக்கும். பேசாமல் விட்டால் இருக்காது. வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் இல்லை. கூட்டத்தின் முடிவு அவருக்குக் கடைசியாகத் தெரிகிறது. பசியாறப் போகும்போது அவரை அழைப்பதில்லை. இதை எந்தப் புகார்ப் பாரத்தில் எழுதுவது? திட்டுவதைவிடக் கண்டுகொள்ளாமல் விடுவது தீங்கு குறைந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். ஆனால், கனடிய ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. துன்புறுத்தப்பட்டவர்களைக் காட்டிலும் ஒதுக்கப்பட்டவர்களே மனம் உடைந்து வேலையை விட்டுப் போகிறார்கள் என்று அது கண்டது.

மூவர் இருக்கும் இடத்தில் ஒருவரை விட்டுவிட்டு இருவர் மட்டும் இரகசியம் பேச வேண்டாம், அது அவரை வருத்தும் என்று நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். மூன்றாமவருக்குப் புரியாத மொழியில் இருவர் பேசிக்கொள்வதையும் அறிஞர்கள் இதே தடையில் சேர்த்துச் சொல்வார்கள்.

இதை நம் கடைகளுக்குக் கொண்டுவந்து பாருங்கள். உணவகம், நாணய மாற்றுக் கடை, மளிகைக் கடை என்று முதலாளிகள் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். நம் கடையில் மலாய்ச் சகோதரியும் பங்களாதேஷ் தம்பியும் வேலை செய்வார்கள். நாளைய வேலை மாற்றத்தை நாம் தமிழிலேயே பேசி முடித்துவிடுவோம். நமக்கு அது வீட்டுப் பழக்கம். அவர்களுக்கோ அது சாத்தப்பட்ட கதவு. வேறிடத்தில் மாண்டரின் பேச்சுக்கு நடுவே நம் பிள்ளை விழித்துக்கொண்டு நின்றால் நமக்கு வலிக்கிறது அல்லவா? அதே வலிதான் இதுவும்.

சிங்கப்பூரில் வேலையிட நியாயத்தன்மைச் சட்டம் 2025 ஜனவரியில் நிறைவேறியது. இனம், சமயம், மொழித்திறன் போன்ற காரணங்களால் வேலைக்கு எடுப்பதிலோ பதவி உயர்விலோ பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் சட்டம் அது. ஆனால், தொடக்கத்தில் 25 பேருக்கும் குறைவானோர் பணிபுரியும் நிறுவனங்களுக்கு அதில் விலக்கு உண்டு. நம் கடைகளில் பல அந்த விலக்குக்குள் வரும். அங்கே சட்டத்தின் இடத்தில் முதலாளியின் மனச்சாட்சிதான் நிற்க வேண்டும்.

செலவில்லாத சில காரியங்கள் உண்டு. வேலைச் செய்தி எதுவானாலும் எல்லாருக்கும் புரியும் மொழியில், எல்லாருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள். கூட்டத்தில் வாய் திறக்காதவரிடம் பெயர் சொல்லிக் கருத்துக் கேளுங்கள். ஒருவரை மற்றவர்கள் ஒதுக்குவது கண்ணில் பட்டால் அன்றைக்கே பேசுங்கள். தலைவர் மௌனமாக இருந்தால் அதை மற்றவர்கள் சம்மதமாகவே எடுத்துக்கொள்வார்கள்.

நம் சங்கத்துக்கும் இது பொருந்தும். ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ பேரைச் சேர்த்திருக்கிறோம். செயலவைக் கூட்டத்தில் இளையோரும் பெண்களும் பேசி முடிக்கும்வரை நாம் காத்திருக்கிறோமா என்பதையும் இந்தப் பொன்விழாவில் கேட்டுக்கொள்வோம்.

ஒருவரையும் விட்டுவிடாத தலைமையை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.