வழக்கில்லாச் சிறையும் ஆராய்ச்சி மணியும்

(புதுவையில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள், குற்றம் இன்னதென்று சாட்டி வழக்குத் தொடராமலே ஒருவரைச் சிறையில் அடைத்துவைக்கும் தடுப்புக் காவலைப் பற்றியதாம். கல்வியும் விவாகமும் உபகார நிதியுமே பேசப்பெறும் இச்சபையில் இஃது எற்றுக்கெனச் சிலர் வினவலாம். இத்தகைய இடர் ஒரு வீட்டிற்கு நேருமாயின், அவ்வீட்டார் முதற்கண் ஓடிவருமிடம் சங்கமே. ஆதலின் இதனை அறிந்துவைத்தல் நமது கடனாகும்.

சிலப்பதிகாரத்திலே, கோவலனை அழைத்து ஒரு சொல்லும் கேளாமல் பாண்டியன் கொல்வித்தான். கண்ணகி வாயிலில் நின்று வழக்குரைத்தாள். ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், அவள் முறையிட்டதும் பிழைசெய்த அவ்வரசனிடமே என்பதாம். அவன் செவிகொடுத்தான், தன் தவறுணர்ந்து உயிர்நீத்தான். செவிகொடாத அரசனாயின் அவள் யாண்டுச் செல்வாள்? இவ்வினாவே நமது பொருளின் உயிர்நிலை.

இதன் விடையை நம் ஊரின் சரித்திரமே ஓரளவு காட்டும். ஆங்கில அரசினரின் கைக்குத் தப்பிப் பாரதியார் 1908இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்தார். பத்தாண்டு கழித்து, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்து சென்றபொழுது கைதுசெய்யப்பெற்றுக் கடலூர்ச் சிறையில் வைக்கப்பட்டார். டிசம்பரில் நிபந்தனைகளின்பேரில் விடுதலை எய்தினார். எல்லைக்கு இப்பால் வீடு, அப்பால் சிறை. ஒரு மனிதனின் விடுதலை நிலத்திற் கிழித்த ஒரு கோட்டைப் பொறுத்திருந்தது.

நிற்க. நம் நாடு சுதந்தரம் அடைந்த பின்னரும் தடுப்புக் காவல் ஒழிந்ததில்லை. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே அதற்கு இடந்தருகின்றது. கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதிபதிமுன் நிறுத்தல் வேண்டும் என்னும் விதி இதற்கு இல்லை. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஒருவரை 12 மாதம்வரை இங்ஙனம் வைக்கலாம். 1975இல் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டபின், காவலில் இருப்போர் உயர் நீதிமன்றங்களை அணுகவும் உரிமையில்லை என்று 1976 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐவருள் நால்வர் அங்ஙனம் கூற, எச்.ஆர். கன்னா ஒருவரே மாறுபட்டு நின்றார். அத்தீர்ப்புப் பிழையென்று அந்நீதிமன்றமே 2017இல் ஒப்புக்கொண்டது. ஆயின், நாற்பத்தோராண்டு கழித்து வந்த நீதி, அன்று சிறையிலிருந்தவனுக்கு யாது பயன் தரும்?

இதனாலன்றோ, ஒரு நாட்டின் எல்லைக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி மணி வேண்டுமெனப் பிற தேயத்தார் கருதினர்! அயர்லாந்து தேயத்து லாலெஸ் என்பார் 1957இல் ஐந்து மாதம் விசாரணையின்றிப் பாசறைச் சிறையில் வைக்கப்பட்டார். அவர் தம் அரசின்மீதே முறையிட, அவ்வழக்கு ஸ்டிராஸ்பர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை எட்டியது. அம்மன்றம் தீர்த்த முதல் வழக்கு இதுவே. 1961இல் லாலெஸ் தோற்றார். நாட்டில் நெருக்கடி இருந்தமையால் அக்காவல் பொறுக்கத்தக்கது என்றனர். எனினும், நீதிபதிமுன் நிறுத்தும் நோக்கமின்றி ஒருவரை அடைத்துவைத்தல் இயல்பான காலத்தில் ஆகாது என்னும் விதி நிலைபெற்றது. அதனினும் பெரிது, ஓர் அரசு தனிமனிதன் ஒருவனுக்கு விடைகூறுமாறு அயல்மன்றில் நின்றமையாம். அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை நீதிமன்றமோ 1987இல், நெருக்கடிக் காலத்தும் ஆட்கொணர்வு மனுவை நிறுத்திவைத்தல் கூடாதென உரைத்தது. நம்மவர் 1976இல் இழந்தது அதுவே.

ஆசியாக் கண்டம் முழுமைக்கும் இத்தகைய மன்றம் இல்லை. 1962இல் புதுவை சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபொழுது, பிரெஞ்சுக் குடியுரிமையை விரும்பினோர் அதனைக் கொள்ள ஆறு மாதத் தவணை பெற்றனர். அங்ஙனம் கொண்ட உறவினர் நம்முள் பலர்க்கு உளர். 1981 முதல் பிரான்சுக்கு எதிராகத் தனிமனிதர் ஸ்டிராஸ்பர்க்குக்கு முறையிடலாம். ஆகவே, பிரான்சில் வாழும் தமையனுக்கு அம்மணியின் கயிறு எட்டும். புதுவையில் வாழும் தம்பிக்கு எட்டாது. பாரதியார் காலத்துக் கோடு இன்று வேறிடத்தில் கிடக்கின்றது.

ஆயினும் நாம் கையற்றவர் அல்லேம். காவலுக்குரிய காரணங்களைக் கைதிக்கு எழுத்தில் தருதல் வேண்டும். அவர் அறிந்த மொழியிலே தருதல் வேண்டுமென 1962இல் உச்ச நீதிமன்றம் வற்புறுத்திற்று. தமிழ் மட்டுமே அறிந்தவர்க்கு ஆங்கிலத்தாள் மாத்திரம் கொடுத்தல் செல்லாது. ஆணையின் படியையும், பிடித்த நாளையும் நாழிகையையும் வீட்டார் குறித்துவைக்க. காரணம் கண்டவுடன் மறுப்பு மனு விடுக்க. சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இடலாம். காவலில் உள்ளார்க்கு வருமானம் நோக்காது இலவசச் சட்ட உதவியும் உண்டு. தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு ஓராண்டுக்குள் எழுதுதல் வேண்டும். அது பரிந்துரைக்குமேயன்றிக் கட்டளையிடாது. ஜெனீவாவில் ஐக்கிய நாடுகளின் சார்பில் இத்தகைய காவல்களை ஆராயும் குழு ஒன்று 1991இல் ஏற்பட்டது. எந்நாட்டுக் குடும்பமும் அதற்கு எழுதலாம். அதன் கருத்து அரசைக் கட்டாயப்படுத்தாதாயினும், உலகறிய நிற்கும்.

இறுதியாக ஒன்று கூறுவோம். நம் குலத்துப் பிள்ளை பிடிபடின் நாம் கொதிக்கின்றோம். அடுத்த தெருப் பிள்ளை பிடிபடின், ஏதேனும் செய்திருப்பான் என்று வாளாவிருக்கின்றோம். குற்றமே சாட்டப்படாதபொழுது, "ஏதேனும்" என்னும் அச்சொல்லே தீர்ப்பாகிவிடுகின்றது. ஆதலின் நம் சங்கம் மனு எழுதும் உதவியொன்றை ஏற்படுத்துக; அவ்வுதவி கேட்டு வருவாரது குலத்தை வினவாதிருக்க. கண்ணகியைப் பாண்டியனின் வாயிற்காவலன் நீ எக்குலத்தாள் என்று கேட்டு நிறுத்தியிருப்பின், வழக்கே நிகழ்ந்திராது.

இதனைச் சபையோர் ஆய்ந்து நிறைவேற்றுவாராக என வேண்டி அமைகின்றோம்.