எந்த வீட்டைத் தேடி?
(சிங்கப்பெருமாள் கோவில் கூட்டத்தில் ஆற்றிய உரை)

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பட்டது. பிரஷர், சுகர் மாத்திரை, பிசியோதெரபி, சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் பைகள்கூட வீடு தேடி வருது. வரவேற்கிறோம். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போச்சு.

ஆனா, எந்த வீட்டைத் தேடி? பை ஒண்ணு 2 லிட்டர். தினம் மூணு நாலு தடவை மாத்தணும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி மாத்தணும். கிருமி புகுந்தா வயித்துக்குள்ளே சீழ் பிடிச்சு உயிருக்கே ஆபத்து. அஞ்சு பேர் படுக்கிற ஒத்தை அறையில், தெருக்குழாயை நம்பி, இது எப்படி நடக்கும்?

பறையர்களுக்குக் குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்று இதே செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர் 1891-லேயே அரசாங்கத்துக்கு எழுதினார். அதற்குப் பிறகு பஞ்சமி நிலம் வந்தது. பறிபோன கதையும் உங்களுக்குத் தெரியும். மனையே இல்லாதவன் வீட்டில் ஆஸ்பத்திரியாம்!

இன்னொண்ணு. மாத்திரை கொண்டுவருகிறவர் சேரி வீட்டுக்குள்ளே வந்து உட்காருகிறாரா, தெருமுனையில் நின்னு கூப்பிடுகிறாரா? நம்ம பெண் போனால் ஊர்த்தெருவில் கையை நீட்டி பிரஷர் பார்க்க விடுகிறார்களா? மாணவத் தோழர்கள் தெருத் தெருவாய்ப் போய்க் குறிச்சுட்டு வாங்க. அதோடு மனைப்பட்டா, வீட்டுக்குள் குழாய், தனி அறை மூன்றையும் மருத்துவக் கோரிக்கையாகவே மனுவில் சேர்த்துக் கலெக்டரிடம் கொடுப்போம்.