பெட்டிக்குள் ஒரு மேளம்

(பரிசளிப்பு விழாவில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

  

நானும் கேமரன் மலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, இதே பள்ளியில் படித்தவன்தான். இன்று கோலாலம்பூரில் ஓர் இசைப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். “என்னப்பா வேலை?” என்று கேட்பவர்களிடம், “கணினியில மேளம் அடிக்கிறேன்” என்பேன். சிரிப்பார்கள். அந்த வேலையைப் பற்றித்தான் உங்களிடம் சில வார்த்தைகள் பேச விரும்புகிறேன்.

உங்கள் கைத்தொலைபேசியில் கேட்கும் பாட்டில் வயலின் ஒலிக்கிறது, குழல் ஒலிக்கிறது, தவில் முழங்குகிறது. அத்தனை கலைஞர்களும் கூடி உட்கார்ந்து வாசித்தார்கள் என்று எண்ணிவிடாதீர்கள். பல பாடல்களில் ஒரே ஒருவர் கீபோர்டின் முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்திருப்பார். இது எப்படி முடிகிறது?

மாங்காய் கிடைக்கும்போது ஊறுகாய் போட்டு வைக்கிறோம் அல்லவா? ஒலிக்கும் அப்படி ஒரு ஜாடி உண்டு. அதற்குச் சாம்ப்ளர் என்று பெயர். ஒரு கலைஞர் தவிலில் ஒரு தட்டுத் தட்டுகிறார். ஒலிவாங்கி அதைப் பிடிக்கிறது. கணினி அதை ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து, எண்களாக எழுதி வைத்துக்கொள்கிறது. இசைக் குறுந்தட்டுக்கும் இதே கணக்குத்தான். பிறகு கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்தினால், அந்தத் தட்டு அப்படியே திரும்பக் கேட்கும்.

ஆனால் ஒரு தட்டுப் போதாது. மெல்லத் தட்டினால் ஒரு நாதம், ஓங்கித் தட்டினால் வேறு நாதம். அவற்றைத் தனித்தனியே பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றையும் நாலைந்து முறை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே தட்டு திரும்பத் திரும்பக் கேட்டு, “இது மெஷின்” என்று காது சொல்லிவிடும். நம் உறுமி இன்னும் கடினம். அதன் ஒரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்த்துத்தானே உறும வைக்கிறோம்? அந்தத் தேய்ப்பை ஒரு தட்டுப் போல வெட்டி எடுக்க முடியாது.

1979ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பீட்டர் வோகல், கிம் ரைரி என்னும் இருவர் ஃபேர்லைட் என்ற கருவியை வெளியிட்டார்கள். அதன் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். ஒரு பதிவில் அதில் அடங்கியதோ ஏறத்தாழ ஒரு வினாடி ஒலி. 1998இல் வந்த கிகாசாம்ப்ளர் என்ற மென்பொருள், கணினியின் வன்தட்டிலிருந்தே ஒலியை எடுத்து வாசித்தது. 2002இல் ஜெர்மனியிலிருந்து கொன்டாக்ட் வந்தது. இன்று தனிக் கருவி வேண்டாம். சாதாரண மடிக்கணினி போதும். ஆடாசிட்டி, எல்.எம்.எம்.எஸ். போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.

நம் தமிழ் மக்களின் காதுக்கு இந்தப் புதிய ஒலியைப் பெரிய அளவில் கொண்டு வந்தவர் ஏ.ஆர். ரகுமான். 1992இல் ‘ரோஜா’ வெளிவந்தபோது அவருக்கு வயது 25. ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம். ஒன்பது வயதில் தந்தை ஆர்.கே. சேகரை இழந்து, பள்ளிப் பருவத்திலேயே கீபோர்டு வாசித்துச் சம்பாதித்தவர் அவர். பயிற்சி முன்னால் வந்தது. பெட்டி பிறகுதான் வந்தது. இந்தப் பெட்டியால் திரைப்பட வாத்தியக் குழுக்களில் பலருக்கு வேலை குறைந்ததும் உண்மை. அதையும் மறைக்கக் கூடாது.

இனி என் வீட்டுக் கதை. என் தாத்தா இந்த மலையில் தேயிலை வெட்டியவர்; திருவிழாவில் தப்பு அடித்தவர். நான் விலை கொடுத்து வாங்கிய ஒலித்தொகுப்பில் தபலா இருந்தது, மிருதங்கம் இருந்தது. தப்பு இல்லை. வேறொரு மேளத்தை வைத்து ஒரு திருவிழாப் பாட்டைச் செய்து, தாத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன்.

“தாளம் சரியாத்தான்டா இருக்கு. ஆனா இது நம்ம தப்பு இல்லியே! தோலைக் காய்ச்சாம அடிச்ச மாதிரியில்ல இருக்கு” என்றார்.

உண்மைதான். இந்த மலையின் ஈரத்தில் தோல் தளர்ந்துவிடும். நெருப்பில் காட்டினால்தான் நாதம் எழும்பும்.

அடுத்த மாதமே ஒலிவாங்கியோடு வந்தேன். தகரக் கூரையில் மழை. இரண்டு நாள் காத்திருந்தோம். மூன்றாம் நாள் வெயில் வந்தது. தாத்தா விறகு மூட்டித் தப்பைக் காய்ச்சினார். வலக்கைத் தடிக்குச்சியின் அடிகள் எல்லாம் நன்றாகப் பதிவாயின. இடக்கைக்கு வந்தபோது, அந்த மெல்லிய நீளக் குச்சியை அவரால் பிடிக்க முடியவில்லை. விரல்கள் மடங்கவில்லை.

“நாலு வருசத்துக்கு முன்னாடி வந்திருக்கலாமேடா” என்றார்.

நாலு வருடத்துக்கு முன்னால் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? தப்பு என்றால் சாவு வீட்டு மேளம்தானே என்று, தாத்தாவைப் பற்றி நண்பர்களிடம் சொல்லவே கூச்சப்பட்டுக்கொண்டிருந்தேன். இன்று தாத்தா இல்லை. என் கணினியில் அவருடைய வலக்கை இருக்கிறது, இடக்கை இல்லை.

மாணவச் செல்வங்களே! உலகத்தில் எவ்வளவு பெரிய ஒலித்தொகுப்பு வந்தாலும், யாராவது பதிவு செய்து போட்டதுதான் அதில் இருக்கும். நம் தோட்டத்துத் தப்பையும் உறுமியையும் அயலார் வந்து பதிவு செய்வார்கள் என்று காத்திருக்கலாமா? உங்கள் லயத்தில் மேளம் தெரிந்த பெரியவர் இருந்தால், இந்த விடுமுறையிலேயே போய் அனுமதி கேளுங்கள். கைத்தொலைபேசியிலாவது பதிவு செய்யுங்கள். பெயரையும் தேதியையும் எழுதி வையுங்கள். அதோடு நிற்காமல், அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். அடியைப் பெட்டி வைத்துக்கொள்ளும். எங்கே அடிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை மனிதன்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை கணினி முன் உட்கார்ந்தால் உடனே ஏசாதீர்கள். “என்னப்பா செய்றே?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மேளமாக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த தாளத்தைத் தட்டிக் காட்டுங்கள்.