கால் கொடுத்த அறம்



சிராவகர் இல்லறத்தில் போற்றப்படும் தானங்கள் நான்கு: ஆகாரம், ஔடதம், சாத்திரம், அபயம். உணவளிப்போர் ஊர்தோறும் உளர். மருந்தும் நூலும் வழங்குவோரும் உளர். அச்சத்தைப் போக்கும் அபயதானத்தை ஒரு வறிய நாட்டில் எவ்வாறு செய்வது என்பதற்கு ஜெய்ப்பூர் நகரில் நிகழ்ந்த ஒரு வரலாறு நல்ல சான்றாகும்.

1960களின் இந்தியா மிக வறிய நாடு. இரயில் விபத்திலோ நோயாலோ காலிழந்த உழவன் மருத்துவமனைக்குச் சென்றால், மேனாட்டு முறையில் அமைந்த செயற்கைக்கால் ஒன்று அவனுக்குக் கிடைக்கக்கூடும். அது காலணிக்குள் புகுந்தே இருக்கவேண்டிய கால். அதன் கணுப்பகுதி வளையாது. நாற்காலியில் அமர்ந்து, சமதளத்தில் நடப்போர்க்கென உருவானது அது. இந்நாட்டு உழவனோ தரையில் சம்மணமிட்டு உண்பவன், குந்தியிருந்து வேலை செய்பவன், சேற்றில் இறங்குபவன், வீட்டிற்குள்ளும் கோயிலுக்குள்ளும் வெறுங்காலுடன் புகுபவன். ஆதலால் பெற்ற காலை மூலையில் சாத்திவைத்துவிட்டு, பழையபடி கோலூன்றி நடந்தவர் பலர். கொடுத்தவர்க்கு மனநிறைவு கிடைத்தது. பெற்றவர்க்கு நடை கிடைக்கவில்லை.

இக்குறையை உணர்ந்தவர்கள் ஜெய்ப்பூர் சவாய் மான்சிங் மருத்துவமனையில் பணியாற்றிய இருவர். ஒருவர் டாக்டர் பிரமோத் கரண் சேத்தி, எலும்பு அறுவை மருத்துவர். மற்றவர் பண்டிட் ராம் சந்திர சர்மா, பள்ளிப்படிப்பு மிகக் குறைந்த கைவினைஞர். எல்லோராலும் 'மாஸ்டர்ஜி' என்றழைக்கப்பட்டவர். தேய்ந்த லாரி டயருக்குப் புது ரப்பர் ஏற்றும் கடையைக் கண்டபோது மாஸ்டர்ஜிக்கு ஒரு வழி தோன்றியது என்பர். ரப்பரால் பாதம் செய்தால் என்ன? முழு ரப்பரில் வார்த்த பாதம் மிகக் கனத்தது. பின்னர் குதிகாலுக்கும் முன்பாதத்திற்கும் பஞ்சு ரப்பர், கணுக்காலுக்கு மரம் எனப் பிரித்து, மேலே தோல் நிற ரப்பரைப் போர்த்தி, அச்சில் இட்டுச் சூடேற்றி ஒன்றாக்கினர். 1968ஆம் ஆண்டளவில் அப்பாதம் உருப்பெற்றது. அதற்குக் காலணி வேண்டா. நீர் பட்டாலும் கெடாது. அதனை அணிந்தவர் குந்தி அமரலாம், சம்மணமிடலாம், வரப்பிலும் நடக்கலாம். மேற்பகுதியை அலுமினியத் தகட்டில் உள்ளூர்க் கொல்லர்களே தட்டி அமைத்தனர். பிற்காலத்தில், பாசனக் குழாய்க்குப் பயன்படும் பாலிதீன் குழாயே அவ்விடத்தைப் பெற்றது.

அக்காலுக்குக் காப்புரிமை பெறப்படவில்லை. யாரும் செய்துகொள்ளலாம் என விடப்பட்டது. 1981இல் மகசேசே விருது மருத்துவர் சேத்திக்குக் கிடைத்தது. கைவினைஞரின் பெயர் அவ்வளவு பரவலாக அறியப்படவில்லை. ஆயினும் மருத்துவ அறிவும் கைத்திறனும் ஒன்றையொன்று மதித்ததால்தான் அப்பாதம் பிறந்தது என்பதை மறத்தலாகாது.

அவையீர், கண்டுபிடிப்பு மட்டும் போதவில்லை. தொடக்க ஆண்டுகளில் அக்காலைப் பெற்றவர் மிகச் சிலரே. இந்திய ஆட்சிப்பணியில் இருந்த டி. ஆர். மேத்தா 1969இல் ஒரு விபத்தில் சிக்கி, காலை இழக்கும் நிலைவரை சென்று மீண்டவர். மருத்துவமனைப் படுக்கையில் நெடுநாள் கிடந்த அவர், வசதியற்றவர்க்கு அந்நிலை நேர்ந்தால் என்னாகும் என எண்ணினார். பகவான் மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டையொட்டி, 1975இல், அவர் திருப்பெயராலேயே 'பகவான் மகாவீர் விக்லாங் சஹாயதா சமிதி' ஜெய்ப்பூரில் தொடங்கப்பட்டது.

அச்சமிதி செய்த பெரிய மாற்றம் நடைமுறையில் இருந்தது. கூலித்தொழிலாளி அளவு கொடுக்க ஒருநாள், பொருத்திப் பார்க்க ஒருநாள், திருத்த ஒருநாள் என வந்துபோனால், பேருந்துக் கட்டணமும் இழந்த கூலியும் சேர்ந்து அவனைப் பாதியிலேயே நிறுத்திவிடும். ஆகவே, எந்நேரம் வந்தாலும் சேர்த்துக்கொள்வது, உடன் வந்தவர்க்கும் உணவும் தங்குமிடமும் தருவது, முடிந்தவரை விரைவில் காலைப் பொருத்தி நடக்கவைத்து அனுப்புவது, எதற்கும் பணம் பெறாமை என்று விதி செய்தனர். செயற்கைக்கால், தாங்கி, மூன்று சக்கர வண்டி முதலியவற்றால் பயனடைந்தோர் இன்று 20 லட்சத்தைக் கடந்துவிட்டனர். போரால் சிதைந்த ஆப்கானிஸ்தான் போன்ற வறிய நாடுகளுக்கும் அப்பணி சென்றது. போர் தின்ற யாழ்ப்பாணத்திலும் 'ஜெய்ப்பூர்' என்னும் பெயர் தாங்கிய மறுவாழ்வு நிலையம் உண்டு.

2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடிப் பேர். அவர்களுள் பத்தில் ஏழுவர் கிராமத்தினர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பகுதிகளில் உழவை நம்பி வாழும் சமணக் குடும்பங்களுக்குக் கிராம வாழ்வின் தேவைகளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. சேறும் வரப்பும் வெறுங்காலும் அவர்கள் அறிந்தவையே.

விழா நாளில் மேடையமைத்து வண்டியும் ஊன்றுகோலும் வழங்குதல் நற்செயலே. ஆயினும் வழங்குமுன் பெறுபவரிடம் கேட்கவேண்டியவை சில உண்டு. அவர் வீட்டு வாயிலில் அவ்வண்டி நுழையுமா? அச்சு முறிந்தால் பழுதுபார்ப்பவர் அருகில் உளரா? செயற்கைக்கால் சில ஆண்டுகளில் தேயும். வளரும் சிறுவனுக்கு அதற்கு முன்பே சிறியதாகிவிடும். அடுத்த காலை யார் தருவார்? மறுமுறை தராத தானம், ஒருவனை நடக்கப் பழக்கிப் பாதி வழியில் விட்டதாகும். மேடையில் நிறுத்திப் படமெடுக்கும்போது அவர் முகம் வாடுகிறதா என்பதையும் நோக்கவேண்டும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்று, பொது இடங்களில் தடையற்ற நுழைவை உரிமையாக்கியுள்ளது. சட்டம் வருமுன்பே அறம் அதனைச் சொல்லியிருக்கிறது. ஜினாலயத்து வாயிலில் ஒரு சாய்தளம், படிகளின் ஓரத்தில் ஒரு கைப்பிடி, அறக்கட்டளைக் கணக்கில் ஆண்டுதோறும் பழுதுபார்ப்புக்கென ஒரு சிறு தொகை: இவை பெருஞ்செலவுகள் அல்ல.

காலிழந்தவனின் அச்சம் வலியைப் பற்றியது மட்டுமன்று. வீட்டார்க்குச் சுமையாவோமோ, தன் வயலில் மீண்டும் நிற்கமாட்டோமோ என்பதே அவன் பேரச்சம். அவன் வாழ்வை அறிந்து, அதற்கேற்ற காலைக் கொடுத்து, அது தேயும்போது மறுகாலும் கொடுப்பவர் அவ்வச்சத்தைப் போக்குகின்றனர். அதுவே அபயதானம்.

அறம் வளர்க!