ஊர் கரண்ட் பில்லும் நம்ம பில்தான்

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்க ஆள் வந்தால் நாம் வாசலுக்கு ஓடுகிறோம். எத்தனை யூனிட் ஆச்சு என்று கேட்டு அட்டையைப் பார்க்கிறோம். ஊராட்சிக்கு வரும் கரண்ட் பில்லை நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? தெருவிளக்குக்கும், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாருக்கும் போகிற அந்தக் காசும் நம்ம ஊர்ப் பணம்தான். அது மிச்சமானால் நம்ம தெருச் சாக்கடைக்கு ஆகும்.

கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் பக்கத்தில் ஓடந்துறை ஊராட்சி இருக்கிறது. ஆர். சண்முகம் தலைவராக இருந்தபோது, 2006ல் அந்த ஊராட்சி சொந்தமாக ஒரு காற்றாலையே வாங்கியது. 350 கிலோவாட். விலை 1 கோடியே 55 லட்சம். இவ்வளவு பணத்துக்கு எங்கே போனார்கள் என்று கேட்பீர்கள். 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு, மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். நம்ம குழுக் கணக்கு மாதிரியேதான் பாருங்கள், முதலில் சேமிப்பு, அதைக் காட்டிக் கடன், வருமானத்தில் தவணை!

காற்றாலை ஓடந்துறையில் நிற்கவில்லை. காற்று நன்றாக அடிக்கிற உடுமலைப்பேட்டை பக்கம் நிற்கிறது. அங்கே ஓடுகிற கரண்ட் மின்வாரியக் கம்பியில் சேருகிறது, இங்கே ஊராட்சிக் கணக்கில் கழிக்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 6 லட்சத்து 75 ஆயிரம் யூனிட் கிடைத்தது. ஊர்த் தேவை நாலரை லட்சம். மிச்சத்தை வாரியத்துக்கே விற்றார்கள்.

எல்லா ஊராட்சியும் காற்றாலை வாங்க முடியாது. நாமும் அதைக் கேட்கப் போவதில்லை. முதலில் வீணாகிறதை நிறுத்தச் சொல்வோம்.

பழைய டியூப்லைட் சோக்கோடு சேர்த்து 50 வாட் இழுக்கும். 20 வாட் எல்.இ.டி. போட்டால் 30 வாட் மிச்சம். ராத்திரி 12 மணி நேரம், 200 விளக்கு என்றால் ஒரு ராத்திரிக்கு 72 யூனிட். வருஷத்துக்கு 26 ஆயிரம் யூனிட்டுக்கு மேல்! காலை பத்து மணிக்கும் எரிகிற விளக்கை யார் அணைப்பது என்று கேட்டால் ஆளுக்கு ஆள் கை காட்டுவார்கள். அந்தப் பொறுப்பைத் தெருவுக்கு ஒரு குழு எடுத்துக்கொள்ளலாம். சுவிட்ச் தெருக்கோடியில்தானே இருக்கிறது? ஆனால் பெட்டியில் கம்பி வெளியே தெரிந்தால் கை வைக்காதீர்கள், முதலில் சரிசெய்யச் சொல்லுங்கள்.

தண்ணீரும் கரண்ட்தான். 5 குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட். திருகு உடைந்த குழாயில் ஒழுகுவது, தொட்டி நிரம்பி வழிவது எல்லாம் அந்த யூனிட்தான்.

சோலார் தெருவிளக்கு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாட்டி, போட்டோ எடுத்து, பேட்டரி செத்ததும் கம்பம் மட்டும் நிற்கிற ஊர்கள் உண்டு. பேட்டரி மாற்ற யார் பணம் தருவார்கள் என்று எழுதி வாங்காமல் கைதட்டாதீர்கள். அதைவிட ஊராட்சி அலுவலகக் கூரையில் பேட்டரி இல்லாத, மின்கம்பியோடு சேர்கிற சோலார் நமக்கு நல்லதென்று நினைக்கிறோம்.

வீட்டுக் கூரைக்கு 2024ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30 ஆயிரம், மூன்று கிலோவாட்டுக்கு 78 ஆயிரம் என்று மானியம் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் இலவச யூனிட்டுக்குள்ளேயே முடிகிற வீடுகள் குழுக்கடன் வாங்கி மாட்ட வேண்டாம். தையல் மெஷின், மாவு மில் வைத்திருப்பவர்கள் முதலில் பில்லைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம்.

அடுத்த கிராம சபையில் மூன்று கேள்வி கேட்போம். போன வருஷக் கரண்ட் பில் எவ்வளவு? எத்தனை விளக்கு இன்னும் பழையது? மோட்டார் தினம் எத்தனை மணி நேரம் ஓடுகிறது? பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்தில் கொடுங்கள்.